பதினேழு வயதுக் குரலும் ஓபரா ஆசையும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினேழு வயது. இப்போது கிரேட் 11, அடுத்த ஆண்டு மெட்ரிக். ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறாள்; தமிழ் ஐஸ்டெட்போட் கலைப்போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறாள். இரண்டு வருடமாகப் பள்ளி கொயரில் (சேர்ந்து பாடும் குழுவில்) பாடுகிறாள். இப்போது ஓபராதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கொயரில் அவளுக்கு 'மேடம் பட்டர்ஃபிளை' பாட்டு ஒன்றைத் தனியாகப் பாடக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பாட ஆரம்பித்ததிலிருந்து மூன்று வாரமாகத் தொண்டை கரகரப்பு. அவள் அப்பா, "முதலில் பார்மசியோ பி.காமோ முடிக்கட்டும், பாட்டு எங்கே ஓடிப்போகிறது?" என்கிறார். ஓபரா பாடிப் பிழைக்க முடியுமா? எங்கே படிப்பது? கர்நாடக சங்கீதத்தை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் போகுமுன், போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மூன்று வாரக் கரகரப்பைப் பார்த்துவிடுவோம். அந்தப் பாட்டை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கொயர் ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். பிள்ளை தானாகப் போய்ச் சொல்லத் தயங்குவாள். சளியில் வரும் தொண்டைக்கட்டு ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். பாடுகிற பிள்ளைக்கு அது இரண்டு வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும், அதுவும் குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்க்கும் வசதி உள்ளவரிடம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் குரல்நாண் தெரியாது. 'ஸ்ட்ரோபோஸ்கோப்பி' உண்டா என்று போன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டு விட்டு மின்னும் அந்த வெளிச்சத்தில் குரல்நாண்கள் மெதுவாக அசைவதுபோலத் தெரியும். வெறும் வீக்கமா, முடிச்சா, ரத்தக்கசிவா என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

வீக்கம் என்றால் சில நாள் ஓய்வு போதும். முடிச்சு என்றாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் ஸ்பீச் தெரபிஸ்ட் கொடுக்கும் பயிற்சியிலேயே அடங்கும், ஆபரேஷன் பேச்சு கடைசியில்தான் வரும். ரத்தக்கசிவு என்றால் டாக்டர் சொல்லும் நாள்வரை முழு மௌனம். பார்த்து முடியும்வரை அவள் தணிந்த, இயல்பான குரலில் பேசட்டும். கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள், அது குரல்நாணை இறுக்கிப் பிடித்துப் பேசுவதாகவே முடியும். வலிக்கிறது என்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்து. இரண்டும் ரத்தம் கசியும் வாய்ப்பைக் கூட்டும். ராத்திரி பத்து மணிக்குக் காரக் கறி சாப்பிட்டு உடனே படுப்பதையும் நிறுத்துங்கள். வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சலே இல்லாமல் காலையில் தொண்டை கமறினால்கூட அதுவே காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். காவடி நாட்களில் கூட்டத்தோடு உரக்க 'அரோகரா' போடுவதும் இந்த ஆண்டு வேண்டாம், மனதுக்குள் சொன்னால் முருகன் கேட்பான்.

அந்தப் பாட்டு ஏன் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலின் பாதி புரிந்துவிடும். கதைப்படி பட்டர்ஃபிளைக்கு வயது பதினைந்து. ஆனால் அந்த ஓபராவை இசையமைத்த புச்சினி அந்தப் பாத்திரத்துக்கு எழுதிய இசை பதினைந்து வயதுத் தொண்டைக்கானது அல்ல. கனமான ஆர்கெஸ்ட்ராவின் மேலே மைக் இல்லாமல், நடு ஸ்தாயியில் நீண்ட வாக்கியங்கள் பாடி, கடைசியில் உயர்ந்த பி ஃபிளாட்டில் முழு வீச்சோடு நிற்க வேண்டும். மேடையில் அதைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். உங்கள் மகள் 5 கட்டையில் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கச்சேரியில் அவள் உச்சம் தார ஸ்தாயிப் பஞ்சமம். அந்த பி ஃபிளாட் அதற்கும் மேலே எட்டு அரைசுரம். பழக்கப்பட்ட குரலையே அவ்வளவு உயரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்?

இங்கே பெண்களின் கர்நாடகப் பாட்டுக்கும் ஓபராவுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கர்நாடகப் பயிற்சியில் பெண்கள் பெரும்பாலும் பேசும் குரலோடு ஒட்டிய, நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலையே கீழிருந்து மேல்வரை கொண்டுபோவார்கள். மேலே போகப்போக மெலிந்து வேறாக ஒலித்தால் 'கள்ளத்தொண்டை' என்று குரு அதட்டுவார். ஓபரா சோப்ரானோவோ (உயர்ந்த பெண்குரல்காரி) பியானோவின் நடு சி-க்குச் சற்று மேலேயே அந்தக் கனத்தைக் குறைத்துத் தலையில் அதிரும் குரலுக்கு மாறிவிடுகிறாள். நடு சி-யை ஒன்று என்று எண்ணினால், பியானோவில் பத்தாவது, பதினோராவது வெள்ளைக் கட்டைகளின் பக்கம் இன்னொரு திருப்பம் உண்டு. அங்கே தாடையை இறக்கி, உயிரெழுத்தைக் கொஞ்சம் வட்டமாக்கி, அழுத்தாமல் கடக்கப் பழக வேண்டும். இந்த மேல்குரல் கள்ளத்தொண்டை அல்ல, குரல்நாணின் இன்னொரு ஒழுங்கான இயக்கம். பத்து வருடம் 'அப்படிப் பாடாதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதைத் திறந்துவிடவே ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். முதலில் காற்றுக் கலந்து, பிஞ்சாக ஒலிக்கும். அதைக் கேட்டு வீட்டில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

மைக் இல்லாமல் அறுபது வாத்தியத்தைத் தாண்டிக் குரல் கேட்பது வெறும் பலத்தால் வருவதல்ல. ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் குவிந்து, அதற்கு மேலே சரிந்துகொண்டே போகும். பயிற்சி பெற்ற ஆண்குரலும் தாழ்ந்த பெண்குரலும் தொண்டைக் குழாயின் வடிவை மாற்றி 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தனிக் கூர்மையை உண்டாக்குகின்றன. ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வருகிறது. சோப்ரானோ உச்சத்தில் வேறு வழியைப் பிடிக்கிறாள். வாயைத் திறக்கும் அளவை மாற்றி, வாய்க்குழியின் அதிர்வைப் பாடும் சுரத்தோடு இணைத்துவிடுகிறாள். அதனால்தான் உயரத்தில் 'இ'யும் 'ஊ'வும் ஏறக்குறைய 'ஆ' போல ஒலிக்கின்றன. உச்சரிப்பு சரியில்லை என்று அதைத் தவறாக எண்ணக்கூடாது. நம் தாத்தா காலத்தில் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் விடிய விடிய ஆடிய தெருக்கூத்தும், தமிழ்நாட்டில் கிட்டப்பாவின் நாடக மேடையும் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டியவைதான். ஓபரா நமக்கு அவ்வளவு அந்நியமான ஆசையல்ல.

கர்நாடக சங்கீதத்தை விடத் தேவையில்லை. முதல் இரண்டு வருடம் மட்டும் அதன் அளவைக் குறையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பயில வேண்டாம். வேறு வழியில்லை என்றால் காலையில் ஓபரா, மாலையில் மைக் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் கர்நாடகம். இரண்டு மணி நேரக் கச்சேரி இப்போதைக்கு வேண்டாம். குருவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தெரியாமல் நடந்தால்தான் மனக்கசப்பு வரும்.

அவள் கையில் ஏற்கெனவே இருக்கும் முதலையும் சொல்கிறேன். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணம், ஹார்மானிக் மைனர் என்பது கீரவாணி. நம் நாட்டுக் கொயர்களில் வழங்கும், டோ, ரே, மி என்று பாடும் டோனிக் சோல்ஃபா, 'ஸ' எங்கே வைத்தாலும் ஸ என்ற நம் முறைதான். ஒரே நாளில் பிடித்துக்கொள்வாள். பிருகா உருண்டு பழகிய தொண்டைக்கு ஓபராவின் வேகமான சுரக்கோவைகள் பாதி வேலை, ஆனால் தொண்டையை இறுக்கிச் சுழற்றாமல் காற்றின் மேல் உருட்டக் கற்க வேண்டும். தாளம், மனப்பாடம் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாக்கிலும் ஒரு நன்மை உண்டு. 'பத்து', 'அப்பா', 'அன்னை' என்று மெய்யெழுத்தை இரட்டித்து அழுத்திச் சொல்லும் பழக்கம் இத்தாலிய மொழிக்கு அப்படியே பொருந்தும். அங்கேயும் ஒற்றை ஒலியும் இரட்டை ஒலியும் பொருளையே மாற்றும். நம் 'த்' பல்லில் படுவதுபோலத்தான் இத்தாலியரின் 't' ஒலியும் படும், காற்றை ஊதித் தள்ளாது. ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளைகள் அதற்கு மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். வீட்டில் அவளோடு தமிழில் பேசுங்கள், இந்தக் காரணத்துக்காகவாவது.

விட வேண்டிய பழக்கங்களும் உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிப் போவது, சுரத்தைக் கீழிருந்து எட்டிப் பிடிப்பது, நீண்ட சுரத்தை அசைத்துக்கொண்டே இருப்பது. ஓபராக் குரலிலும் அசைவு உண்டு, ஆனால் வினாடிக்கு ஐந்திலிருந்து ஏழு முறை, ஒரே சீராக, தானாக வர வேண்டும். கமகம்போல நாமாகப் போடுவதல்ல. எழுதிய சுருதியை மேடையில் மாற்ற முடியாது என்பதும் புதிதாக இருக்கும். தொண்டை சரியில்லை, அரைக்கட்டை இறக்கிக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இப்போது பிழைப்பு. மருந்தாளுநரோ கணக்காளரோ இருபத்துமூன்று, இருபத்துநான்கில் சம்பாதிக்கத் தொடங்கிவிடுவார். ஓபராக் குரல் மெதுவாகத்தான் பழுக்கும். மெல்லிய சோப்ரானோக்கள் இருபதுகளின் நடுவில் மேடைக்கு வருவார்கள்; கனத்த குரல்களுக்கு முப்பதுக்கு மேலும் ஆகும். நல்ல குரலா, இல்லையா என்பதைவிட, பதினெட்டிலிருந்து ஏறக்குறைய முப்பதுவரை அவளைத் தாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் உங்கள் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். திறமையான பிள்ளைகள் பலர் பாதியில் நிற்பது குரல் போதாமல் அல்ல. இருபத்தாறு வயதில் வாடகையும் கட்டி, பயிற்சிக்கும் கொடுத்து, ஆடிஷனுக்கு விமான டிக்கெட்டும் எடுக்க முடியாமல்தான்.

நம் நாட்டில் வேலை குறைவு. மாகாணத்துக்கு ஒன்றாக அரசுப் பணத்தில் நடந்த கலைக் கழகங்கள் 1990களில் கலைக்கப்பட்டன. அவற்றோடு நிரந்தரச் சம்பளமும் போயிற்று. 1999-ல் தொடங்கிய கேப் டவுன் ஓபரா ஒன்றுதான் இன்று ஆண்டு முழுதும் இயங்குகிறது என்று சொல்லும்படி இருக்கிறது. அங்கே இளம் பாடகர் திட்டமும் உண்டு. அதன் கோரஸ் (கூட்டாகப் பாடும் குழு) 2013-ல் சர்வதேச ஓபரா விருதுகளில் சிறந்த கோரஸ் என்ற பரிசை வாங்கியது. நம் டர்பனில் பிளேஹவுஸ் அரங்க நிகழ்ச்சிகளும் க்வாசுலு நேட்டால் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு சிட்டி ஹால் கச்சேரிகளும் கிடைக்கும், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே தனிப்பாடகி ஆக வேண்டுமென்றால் வெளிநாடு போகத்தான் வேண்டும், அதிலும் பெரும்பாலும் ஜெர்மனி. அரசு மானியத்தில் நடக்கும் ஓபரா மேடைகள் எண்பதுக்கு மேல் அங்கே இருக்கின்றன, சின்ன ஊர்களிலும்.

ஜெர்மன் வேலை இரண்டு வகை. ஒன்று 'ஃபெஸ்ட்': ஒரே அரங்கில் மாதச் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ஒரு சீசனில் ஐந்தாறு பாத்திரங்கள். 2023 ஜனவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,715 யூரோவாக உயர்த்தப்பட்டது. தனியாளுக்கு வரியும் காப்பீடும் போனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழியும். மீதியில் சின்ன ஊரில் சிக்கனமாக வாழலாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப எதிர்பார்க்காதீர்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். அடுத்த சீசனுக்கு நீட்டவில்லை என்றால் அக்டோபர் 31-க்குள் அரங்கு தெரிவித்துவிட வேண்டும். காலியிடங்கள் அதன் பிறகே தெரியவரும் என்பதால் ஆடிஷன்களும் நவம்பர் முதல் குளிர்காலத்தில் சூடுபிடிக்கும். ஜூலையில் டிக்கெட் போட்டுப் போனால் அரங்குகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும்.

இன்னொன்று விருந்தாளிப் பாடகி. காட்சிக்கு இவ்வளவு என்று பேசுவது. தொகை கேட்கப் பெரிதாக இருக்கும், கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். ஒரு காட்சிக்கு 1,000 யூரோ, எட்டுக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8,000. ஜெர்மனியில் குடியிருக்காத கலைஞரிடம் 15 சதவீத வரியும் அதன் மேல் கூடுதல் வரியும் சேர்த்து 15.825 சதவீதம் பிடிப்பார்கள், 1,266 போயிற்று. ஏஜெண்டுக்குப் பத்து சதவீதம், 800. ஆறு வாரம் ஒத்திகை, பிறகு ஒரு மாதம் காட்சிகள்: இரண்டரை மாதம் அறை வாடகை, மாதம் 900 என்றால் 2,250. விமானம் 1,000. சாப்பாடு மாதம் 300 என்றால் 750. கையில் நிற்பது 1,934 யூரோ, இரண்டரை மாத உழைப்புக்கு. நடுவில் காய்ச்சலில் இரண்டு காட்சி தவறினால் அந்த 2,000-மும் வராது. இளம் பாடகிக்கு முதல் ஐந்தாறு வருடம் ஃபெஸ்ட் வேலையே மேல் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கோரஸ் வேலையைத் தோல்வியாக எண்ணாதீர்கள். ஜெர்மன் அரங்குகளில் கோரஸ் பாடகர்களுக்குத் தனிப்பாடகர்களைவிட நிலையான வேலையும் ஒழுங்கான ஓய்வு நாட்களும் உண்டு. ரஸ்டன்பர்க்கில் பிறந்து உலகப் புகழ் பெற்ற தெனோர் (உயர்ந்த ஆண்குரல்) யோஹான் போத்தாகூட ஐரோப்பாவில், ஜெர்மனியின் பாய்ரொய்ட் ஓபரா விழாக் கோரஸில்தான் தொடங்கினார்.

இங்கிருந்து போய் வென்றவர்களின் பாதையையும் பாருங்கள். சோப்ரானோ பிரிட்டி யெண்டே பீட் ரெட்டீஃப் பக்கத்து டவுன்ஷிப்பில் பிறந்தவர். பதினாறு வயதில் டிவி விளம்பரத்தில் கேட்ட இரட்டைப் பாட்டு எந்த வகை என்றுகூட அவருக்கு அப்போது தெரியாது. கேப் டவுன் பல்கலைக்கழக இசைக் கல்லூரி, பிறகு மிலானில் லா ஸ்காலா அகாடமி, 2009-ல் பெல்வெடெரே போட்டி, 2011-ல் ஓபராலியா போட்டி, 2013-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா. 2023-ல் மூன்றாம் சார்ல்ஸ் முடிசூட்டில் பாடினார். இதுதான் மிக வேகமான பாதை, அதற்கே பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதை வழக்கமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படிப்பு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஓபரா பள்ளிக்குத்தான் இதில் பேர். அங்கே மேடை அனுபவம் படிக்கும்போதே கிடைக்கும். பிரிட்டோரியாவில் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் குரல் பயிற்சி உண்டு. டர்பனில் க்வாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம், விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக. விடுதிச் செலவு இல்லாமல் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதைக் குறைத்து எண்ணாதீர்கள். நான்கு வருடம் இங்கே இசைப் பட்டம் முடித்து, மேற்படிப்புக்குக் கேப் டவுன் போவது பல குடும்பங்களுக்குத் தாங்கக்கூடிய வழி. குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

மெட்ரிக் மதிப்பெண் மட்டும் போதாது, எல்லா இடத்திலும் தனியாக ஆடிஷனும் தியரிப் பரீட்சையும் இருக்கும். மெட்ரிக் ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பத் தேதிகள் முடியத் தொடங்கும். உங்களுக்கு இன்னும் ஓராண்டு கையில் இருப்பது பெரிய வசதி. அதற்குள் அவள் ஸ்டாஃப் நொடேஷன் (ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் முறை) படிக்க வேண்டும். யூனிசா அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் இசைத் தேர்வுகளில் கிரேட் 5 தியரி முடித்துவிட்டால் நல்லது. பியானோவில் தன் பாட்டின் சுரங்களைத் தானே வாசித்துப் பார்க்கும் அளவுக்குக் கை பழக வேண்டும். சோல்ஃபாவில் பிரமாதமாகப் பாடிவந்த பிள்ளைகள் பலர் முதலாண்டில் திணறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

குரல் ஆசிரியரைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். நல்ல ஆசிரியர் முதல் ஆறு மாதம் பெரிய பாட்டே தர மாட்டார். மூச்சுப் பயிற்சி, ஐந்து சுரப் பயிற்சிகள், பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியச் சிறு பாடல்கள் என்றுதான் போவார். மூச்சில் அவர் கேட்பது, இழுத்த காற்றோடு கீழ் விலா எலும்புகள் விரிந்தபடியே நிற்க, காற்று மெல்லக் கசிவது. விலாவில் கைவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக இருபது, இருபத்தைந்து வினாடி விடச் சொன்னால் வித்தியாசம் உடனே தெரியும். பழகாதவர்களுக்கு எட்டாவது வினாடியிலேயே மார்பு விழுந்துவிடும். பாடம் முடிந்து வரும்போது தொண்டை களைத்திருக்கக் கூடாது. மூன்று பாடம் தொடர்ந்து அப்படி வந்தால் ஆசிரியரை மாற்றுங்கள். வீட்டுப் பயிற்சி ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணிக்குள், இருபது நிமிடமாகப் பிரித்து.

அவள் அப்பாவின் கவலை நியாயமானது. அதற்கு ஆதாரமும் உண்டு: நம் நாட்டு ஓபரா சோப்ரானோக்களில் கோல்டா ஷுல்ட்ஸ் முதலில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறைதான் படித்தார், புமேசா மட்ஷிகிசா கட்டடச் செலவுக் கணக்கு படித்துக்கொண்டிருந்தவர். இருபத்திரண்டில் தொடங்கினால் குரல் கெட்டுப்போகாது. ஆனால் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுவரை மூளையில் எளிதாக ஏறும் தியரி, பியானோ, இத்தாலியம், ஜெர்மன், மேடை நடை எல்லாம் அப்போது தாமதமாகும். பார்மசி முழுநாள் ஆய்வகப் படிப்பு. மாலையில் பாடத் தெம்பு இருக்காது. நான் சொல்வது இசைப் பட்டமே. அதோடு பள்ளியில் கற்பிக்கத் தக்க இன்னொரு பாடத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். பட்டத்துக்குப் பின் ஓராண்டு பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்தால் ஆசிரியை வேலைக்குத் தகுதி வந்துவிடும். அப்பா கேட்கும் பிடிமானம் அதில் இருக்கிறது, குரலுக்கும் நான்கு வருடம் கிடைக்கிறது.

வீட்டில் சண்டை வராமலிருக்க, எந்த வயதில் எதைப் பார்ப்பது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமாண்டு முடிவில்: குரல் முழுதும் ஒரே வண்ணமாக இணைந்திருக்கிறதா, நொடேஷன் பார்த்தவுடன் பாட வருகிறதா. இருபத்துநான்கில்: அவளுக்குப் பாடம் சொல்லாத வெளி ஆட்கள், போட்டி நடுவரோ ஓபரா நிறுவனமோ, அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா. இருபத்தெட்டு, இருபத்தொன்பதில்: யாராவது சம்பளம் கொடுத்து அழைக்கிறார்களா. ஓபராலியா போன்ற போட்டிகளுக்கு 32 வயதுதான் எல்லை. அரங்குகள் இளம் பாடகர்களைப் பயிற்றும் ஓபரா ஸ்டுடியோக்களின் கதவு அதற்கும் முன்னே சாத்திவிடும். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் வந்தால் கோரஸுக்கோ கற்பித்தலுக்கோ திரும்பும் முடிவை அவளே எடுப்பாள், நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

வெளிநாட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு. ஜெர்மனியில் பெரும்பாலான இசைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவை, மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடியும் முடக்க வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. யூரோவுக்கு 20 ராண்ட் என்று போட்டால் ஏறக்குறைய 238,000 ராண்ட். பட்டப்படிப்பின் முதலாண்டிலிருந்தே தனியாகச் சேர்க்கத் தொடங்கினால்தான் இது ஆகும். வகுப்பு முடித்தவர்களை இலவசமாகக் கேட்டு அரங்குகளுக்கு அனுப்பிவைக்கும் அரசு ஏஜென்சி ஒன்றும் ஜெர்மனியில் இருக்கிறது, இசட்.ஏ.வி. என்று பேர். பாடுவதற்கு முன்னாலேயே 'பதிவுக் கட்டணம்' கேட்கும் ஏஜெண்ட் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். உண்மையான ஏஜெண்ட் வாங்கித்தரும் வேலையிலிருந்துதான் பங்கு எடுப்பார்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழக ஆடிஷனுக்கு வருவோம். இரண்டு அல்லது மூன்று பாட்டு கேட்பார்கள். எதெது, எந்த மொழியில் என்று அறிவிப்பிலேயே இருக்கும். ஒன்று பழைய இத்தாலியப் பாட்டு, ஒன்று ஆங்கிலம், முடிந்தால் மோட்சார்ட்டின் மெல்லிய பெண் பாத்திரங்களில் ஒரு சிறு பாட்டு. முதலில் பாடுவது நீளமானதாகவோ மிக உயரமானதாகவோ இருக்கக்கூடாது. படபடப்பு மூச்சைக் குறைக்கும், முதல் அரை நிமிடம் அதைச் சமாளிக்கவே போய்விடும். அவள் கையில் தமிழ்ப் பாட்டு ஒன்றும் தயாராக இருக்கட்டும். கேட்டால் மட்டும் பாடட்டும். சுருதிப் பெட்டி இல்லாமல் தானே ஸ பிடித்துத் தொடங்கும் காதும் தாளமும் நடுவர்கள் கண்ணில் படும்.

பியானோ வாசிப்பவருக்குக் கொடுக்கும் பிரதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபோனில் எடுத்த படம் வேண்டாம், ஸ்டேப்பிள் அடித்த தாள் வேண்டாம். இருபக்கமும் அச்சிட்டு, ஓட்டை போட்டுக் கோப்பில் வரிசையாக வைக்க வேண்டும். கடைசிச் சுரமோ தாளின் அடிவரியோ நகலில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். விட்டுவிடும் பகுதியைப் பென்சிலால் தடிப்பாக அடித்து, மூச்சு எடுக்கும் இடத்தில் காற்புள்ளி போட்டுவைக்கட்டும். வேகத்தைச் சொல்ல விரல் சொடுக்குவது மரியாதையில்லை. பியானோ பக்கத்தில் நின்று முதல் இரண்டு வரியை மெதுவாகப் பாடிக் காட்டினால் போதும். இந்தக் கோப்பை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். பட்டர்ஃபிளைப் பாட்டின் தாள் மட்டும் அதில் இருக்க வேண்டாம்; தனி உறையில் போட்டுப் பத்திரமாக எடுத்துவைக்கட்டும், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவள் குரல் அதைக் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம்.